அந்தச் ‘சராசரி ஆள்’ பேசுகிறேன்

கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களை ஆராயும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் திருச்சிக்காரன். 12 வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அப்புறம் 23 வருடம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவுக்குப் பயிற்றுநர். இப்போது ஓய்வு. என் பெயரில் காப்புரிமை எதுவும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆனாலும் உங்கள் சட்டத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. அது எனக்கே போன வருடம்தான் தெரிந்தது.

திருப்பூர்ப் பக்கம் சின்னதாகச் சாயப்பட்டறை நடத்தும் என் பழைய மாணவன் ஒருவன் ஒரு நாள் போன் செய்தான். கழிவுநீரில் நிறம் நீக்கும் இயந்திரத்தை விற்க ஒரு கம்பெனிக்காரர் வந்தாராம். “இந்த முறைக்கு எங்களிடம் காப்புரிமை இருக்கிறது, வேறு யாரும் செய்ய முடியாது, செய்தால் கேஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். “சார், அதுல அப்படி என்னதான் இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றான். உங்கள் இணையதளத்திலிருந்து அந்தக் காப்புரிமையின் விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை எப்படிச் செய்வது என்று விளக்கும் ஆவணத்தை, இறக்கிப் பிரிண்ட் எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 40 பக்கத்துக்கு மேல்.

வெப்பநிலை 20 முதல் 200 டிகிரி வரை. பி.எச். 2 முதல் 12 வரை. வினையூக்கி ஓர் உலோகமாகவோ, உலோக ஆக்சைடாகவோ, அவற்றின் கலவையாகவோ இருக்கலாம். நேரம் 5 நிமிடம் முதல் 48 மணி வரை. குழம்புக்கு உப்பு ஒரு சிட்டிகை முதல் ஒரு மூட்டை வரை போடலாம் என்று சமையல் குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. 200 டிகிரியில் தண்ணீர் திறந்த தொட்டியில் நிற்காது, ஆவியாகிவிடும். அதற்கு அழுத்தம் தாங்கும் மூடிய கலன் வேண்டும். அப்படி ஒரு கலனைப் பற்றி 40 பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுதியவர் அந்தச் சூட்டில் அதைச் செய்து பார்த்ததே இல்லை என்பது என்னைப் போன்ற ரேடியோக்காரனுக்கே தெரிந்தது. அது எப்படி உங்கள் மேசையைத் தாண்டிப் போனது என்று யோசித்தபோதுதான் சட்டப் புத்தகத்தைத் தேடினேன்.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 64, உட்பிரிவு (1)(எச்). கொடுத்த காப்புரிமையை ரத்து செய்வதற்கான காரணங்கள் அந்தப் பிரிவில் வரிசையாக இருக்கின்றன. விவரக்குறிப்பில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் தொழிலில் சராசரித் திறமையும் சராசரி அறிவும் கொண்ட, இந்தியாவில் இருக்கும் ஓர் ஆள் அதைச் செய்ய முடியவில்லை என்றால், அதுவும் ரத்து செய்ய ஒரு காரணம். ‘இந்தியாவில் இருக்கும்’ என்று சட்டமே சொல்கிறது, கவனியுங்கள். ஜெர்மனியில் டாக்டர் பட்டம் வாங்கியவரையோ, ஐ.ஐ.டி. பேராசிரியரையோ அது அளவுகோலாக வைக்கவில்லை. சராசரி ஆள் போதும்.

சார், அந்த ஆள் நான்தான். என்னிடம் படித்து இன்று சோல்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் வைத்துப் பிழைக்கிறவர்கள்தான். எங்களைக் கேட்காமலே எங்கள் பெயரில் இத்தனை காலமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், எனக்குத் தெரிந்த ரேடியோ. கடையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே ஒரு பழைய வால்வை (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிப் பல்பு) வைத்து ரீஜெனரேட்டிவ் என்ற வகை ரேடியோ செட் கட்டினோம். அட்டைக் குழாயில் 60 சுற்று கம்பி சுற்றி ஒரு காயில், பக்கத்திலேயே 20 சுற்று இன்னொரு சின்னக் காயில். வால்வின் பிளேட்டிலிருந்து, அதாவது சிக்னல் பெருகி வெளியே வரும் முனையிலிருந்து, கொஞ்சத்தை அந்தச் சின்னக் காயில் மறுபடி கிரிட் பக்கம், அதாவது சிக்னல் உள்ளே போகும் முனைக்கு, தள்ளிவிடும். தள்ளத் தள்ள சத்தம் பெருகும். அளவு மீறினால் செட் கூவ ஆரம்பிக்கும். அந்தக் கூவலுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவைத்தால், இரவில் இலங்கை வானொலி ஹெட்போனில் தெளிவாக விழும். முதல் தடவை எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “சின்னக் காயிலோட ரெண்டு வாலையும் மாத்திப் போடுறா” என்றார். மாற்றியதும் கூவியது. காயில் திரும்பியிருந்தால் சிக்னல் கூடுவதற்குப் பதில் குறையும், அவ்வளவுதான் விஷயம்.

பல வருடம் கழித்து ஒரு மாணவன் கூகுள் பேட்டன்ட்ஸில் அந்த சர்க்யூட்டின் மூலத்தை எடுத்துத் தந்தான். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1913-ல் விண்ணப்பித்து 1914 அக்டோபரில் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை. அதில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அட்டைக் குழாய்தான்! எந்தச் சுற்றில் எது போய் எங்கே திரும்புகிறது என்று அவர் எழுதியிருப்பதை இரண்டாம் வருட மாணவனிடம் கொடுத்தால் மாலைக்குள் கட்டிவிடுவான். கட்டவைத்தும் பார்த்தேன். வால்வு கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டர் போட்டான், வேலை செய்தது.

அதே வால்வைக் கண்டுபிடித்த லீ டி ஃபாரஸ்ட்டின் கதை வேறு. கிரிட் வைத்த ஆடியான் பல்புக்கு அவர் 1908-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் பல்புக்குள் மிச்சமிருக்கும் வாயுவால்தான் அது வேலை செய்கிறது என்று நம்பினார். அவர் சொன்னதை நம்பி வாயுவை உள்ளே வைத்திருந்தால் வால்வு நாளுக்கு ஒரு விதமாக நடந்துகொண்டிருக்கும். பின்னால் வந்தவர்கள் காற்றை முடிந்த மட்டும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் அது ஒழுங்காக உழைத்தது. பொருளைச் செய்தவருக்கே அது ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் அந்த எழுத்தை வைத்துப் படிக்கிறவன் என்ன ஆவான்? இதில் வேடிக்கை என்னவென்றால், ரீஜெனரேஷன் யாருடையது என்று இருவரும் ஏறக்குறைய 20 வருடம் வழக்காடி, கடைசியில் 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆர்ம்ஸ்ட்ராங் மனம் வெறுத்து, ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் தனக்குக் கொடுத்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்தது. எஃப்.எம். காப்புரிமைகளுக்காக அவர் நடத்திய அடுத்த வழக்கு முடிவதற்குள், 1954-ல், தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். நீதிமன்றம் யார் பக்கம் நின்றதோ, அது வேறு. எங்கள் பெஞ்சில் ஜெயித்தது ஆர்ம்ஸ்ட்ராங்கின் காகிதம்தான்.

நம் ஜெகதீஷ் சந்திர போஸின் காகிதமும் அப்படித்தான். கலீனா என்ற ஈயத் தாதுவைத் தொட்டு ரேடியோ அலையைக் கண்டறியும் டிடெக்டருக்கு 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்தார், 1904-ல் கிடைத்தது. காப்புரிமையில் அவருக்கு நாட்டமே இல்லை, நண்பர்கள் வற்புறுத்தித்தான் போட்டார். பாதி உரிமை சாரா புல் என்ற அம்மையாரின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. படித்துப் பாருங்கள், ஒரு கல்லும் ஒரு ஊசியும் இருந்தால் நீங்களே செய்யலாம்.

சரி, இப்போது ரசாயனத்துக்கு வருகிறேன். இதில் எனக்குப் படிப்பு குறைவுதான். ஆனால் உங்கள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குக் கிடைக்கவில்லை.

காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் முறையை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-ல் மேசையளவில் செய்து காட்டினார். அதை ஆலையளவுக்குக் கொண்டுபோனவர் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் கார்ல் போஷ். 1913-ல் ஓப்பாவ் ஆலை ஓட ஆரம்பித்தது. அந்தச் சில வருடத்தில் நடந்த வேலையைப் பார்த்தால் தலை சுற்றும். சரியான வினையூக்கிக்காக ஆல்வின் மிட்டாஷும் அவர் ஆட்களும் ஆயிரக்கணக்கான கலவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் இரும்போடு கொஞ்சம் அலுமினாவும் பொட்டாஷும் சேர்ந்த கலவைக்கு வந்தார்கள். இன்னொரு பக்கம், 200 மடங்கு காற்றழுத்தத்திலும் 500 டிகிரியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனைத் தின்றுவிட்டது. குழாய்கள் வெடித்தன. போஷ் உள்ளே மெல்லிய தேனிரும்பு உறையும், வெளியே பலத்துக்கு எஃகும் வைத்து, கசிந்து வரும் ஹைட்ரஜன் வெளியேற அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகளும் போட்டார். ஒரு லேத் பட்டறை ஆளுக்குத் தோன்றக்கூடிய யோசனை அது. அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மானியர்களின் காப்புரிமைகளைப் பறிமுதல் செய்தது. காகிதம் கையில், பணம் அரசாங்கத்தினுடையது, இன்ஜினியர்கள் சராசரி ஆட்களும் இல்லை. 1918-ல் அலபாமாவில் ஷெஃபீல்ட் என்ற ஊரில் ஓர் அம்மோனியா ஆலையைக் கட்டினார்கள். அது உருப்படியாக ஓடவே இல்லை. ஓப்பாவில் குழாயைத் தொட்டுப் பழகிய ஆட்களின் தலைக்குள் இருந்த விஷயம் காகிதத்தில் இல்லை. காப்புரிமை என்றால் பேரம் என்று சொல்கிறார்கள். நீ ரகசியத்தைச் சொல், நான் இத்தனை வருடத்துக்குத் தனியுரிமை தருகிறேன் என்று அரசாங்கம் சொல்கிறது. ஷெஃபீல்டில் அந்தப் பேரத்தின் ஒரு பாதிதான் கைக்கு வந்தது.

இதற்கும் நமக்கும் தொடர்பு உண்டு. விடுதலைக்குப் பிறகு நம் காப்புரிமைச் சட்டத்தை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்தவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர். வெளிநாட்டார் இங்கே காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு, பொருளை இங்கே தயாரிக்காமல், சந்தையை மட்டும் பூட்டி வைத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த அறிக்கையை அடியொற்றி வந்ததுதான் 1970 சட்டம். உணவு, மருந்து, ரசாயனம் ஆகியவற்றில் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. 2005-ல் அது மாறிவிட்டது. மாறியது சரியா தப்பா என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆனால் மாறிய பிறகு நடந்த பெரிய வழக்கு உங்கள் அலுவலகத்தில் தொடங்கியது என்பதை மறந்துவிடாதீர்கள். விண்ணப்ப எண் 1602, பின்னால் மெட்ராஸுக்கு உரிய மூன்று எழுத்து, ஆண்டு 1998. நோவார்ட்டிஸின் ரத்தப் புற்றுநோய் மருந்து. 2006-ல் சென்னை அலுவலகம் மறுத்தது, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற பிரிவு 3(டி) பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. மருந்தின் இந்த ரசாயன உப்பு வடிவம் எங்கள் பழைய காப்புரிமையின் வேலிக்குள் அடங்கும், ஆனால் அந்தப் பழைய காகிதம் அதை வெளிப்படுத்தவில்லை என்று கம்பெனி வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலி ஓர் ஊர் அளவுக்கு, பட்டா ஒரு சென்ட்டுக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது. என் மாணவன் கொண்டுவந்த அந்த 20 முதல் 200 டிகிரியை இந்தத் தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அடுத்து சூதாட்ட இயந்திரம். முகம் சுளிக்காதீர்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்ற மெக்கானிக் மூன்று சக்கரம் வைத்த லிபர்ட்டி பெல் இயந்திரத்தை 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது செய்தார். சூதாட்டக் கருவியால் சமூகத்துக்குப் பயன் இல்லை என்று அந்தக் கால அமெரிக்க நீதிமன்றங்கள் அவற்றின் காப்புரிமையை ஏற்கவில்லை. ஃபே தன் இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கு விட்டு, வசூலில் பங்கு வாங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கொஞ்ச நாளில் சிகாகோவின் மில்ஸ் கம்பெனி அதே மாதிரி செய்துவிட்டது என்பது தனிக்கதை. 1977-க்குப் பிறகு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காரணம் காட்டி மறுப்பதை விட்டுவிட்டது.

1984-ல் இங்கே டெல்னேஸ் என்பவருக்கு, கம்ப்யூட்டர் வைத்த சூதாட்ட இயந்திரத்துக்காக, அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். (இங்கே என்பது அவர் பெயர், நம் ஊர் இல்லை.) என் தெருவில் ஒரு பையன் போனில் சக்கரம் சுற்றும் விளையாட்டில் சம்பளத்தை விட்டுக்கொண்டிருந்தான். “மாமா, ரெண்டு தடவை ஒரு கட்டத்துல தப்பிச்சுப் போச்சு, இன்னும் கொஞ்சம் ஆடினா வந்துரும்” என்றான். டெல்னேஸின் முறையை அவனுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 கட்டம் என்று வைத்துக்கொள். மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜாக்பாட். நேர்மையான சக்கரம் என்றால் 22-ஐ மூன்று முறை பெருக்கு. 10,648 தடவையில் ஒரு தடவை விழும். இப்போது உள்ளே ஒரு கம்ப்யூட்டர் 64 எண்ணில் ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. எந்த எண் வந்தால் சக்கரம் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஜாக்பாட்டுக்கு ஓர் எண் மட்டும். அதற்கு மேலும் கீழும் இருக்கும் வெற்றுக் கட்டங்களுக்கு ஆளுக்கு ஐந்தாறு எண். 64-ஐ மூன்று முறை பெருக்கினால் 2,62,144. உன் கண் 22-ஐப் பார்க்கிறது, இயந்திரம் 64-ஐ ஆடுகிறது. ‘ஒரு கட்டத்தில் தப்பியது’ என்று நீ பார்ப்பது தற்செயல் இல்லை, அந்தப் பட்டியலில் எழுதி வைத்தது.

பையன் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனில் ஓடுவது இதே முறைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அதன் உள்விவரத்தை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதுதான் என் புகாரே. டெல்னேஸ் எழுதி வைத்தார். வெல்லும் வாய்ப்பு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்படி இயந்திரம் இருக்க வேண்டும் என்று அவரே ஒளிக்காமல் சொல்கிறார். நான் படித்த காப்புரிமைகளிலேயே உடைத்துப் பேசுவது ஒரு சூதாட்டப் பெட்டியுடையது என்றால் என்ன சொல்ல!

இணையப் பண விளையாட்டைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது, ஒன்றிய அரசு 2025-ல் போட்டது. இப்படிப்பட்ட இயந்திரம் காப்புரிமைக்கு உரியதா என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் 2022-ல் ஆறு நீதிபதிகள் உட்கார்ந்து மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். நம் சட்டத்திலோ பொது ஒழுக்கத்துக்கு 3(பி), கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு 3(கே), விளையாடும் முறைக்கு 3(எம்) என்று மறுக்க மூன்று கதவு இருக்கிறது. நீங்கள் மறுப்பதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் மறுத்தாலும், பிரசுரமான விண்ணப்பத்தைத் தூக்கிக் கிடப்பில் போடாமல், இந்தப் பையனைப் போன்றவர்கள் படிக்கும்படி வையுங்கள்.

அதற்கு மொழி வேண்டும். விதிப்படி விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் வர வேண்டும். சரி, முழு விவரக்குறிப்பையும் தமிழில் கேட்கவில்லை. சுருக்கக் குறிப்பு 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்று உங்கள் விதியே சொல்கிறது. சென்னை அலுவலகம் கொடுக்கும் காப்புரிமைகளுக்கு அந்த 150 சொல்லை மட்டும் தமிழில் போடுங்கள். ஆள் இல்லை என்பீர்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குகளில் ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் தெரியுமா? அதோடு 20 வருடம் முடிந்து காலாவதியான காப்புரிமைகளைத் தொழில்வாரியாகப் பிரித்து, சாயம், பவுண்டரி, மோட்டார் பம்பு என்று ஒரு பட்டியல் போட்டு ஐ.டி.ஐ.களுக்கு அனுப்புங்கள். அவை இப்போது எல்லோருக்கும் சொந்தம். சொந்தக்காரனுக்குத்தான் தெரியவில்லை.

படிவம் 27 பற்றியும் ஒரு வார்த்தை. காப்புரிமையை இந்தியாவில் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா என்று உரிமையாளர் ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருந்தது. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை சொன்னால் போதும். ஐயங்கார் எந்த நோயைச் சொன்னாரோ, அதைப் பார்க்க இருந்த தெர்மாமீட்டர் அது. இதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். உங்கள் மேலதிகாரிகள் காதில் போட்டு வையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது பிரிவு 10(4). கண்டுபிடிப்பை முழுமையாக விவரிக்க வேண்டும், விண்ணப்பதாரருக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ‘20 முதல் 200 வரை’ என்று வந்தால், நீ எந்தச் சூட்டில் செய்து பார்த்தாய், எந்தக் கலனில், எவ்வளவு நேரம் என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். உங்களிடம் குவிந்திருக்கும் வேலை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே நாளில் நாலு கோப்பு முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் பழைய காப்புரிமைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இருந்தாலும் அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாவிட்டால், என் மாணவன் வக்கீல் வைத்து 64-ஆம் பிரிவில் வழக்குப் போட வேண்டும். சாயப்பட்டறைக்காரன் எங்கே போவான் அதற்கு?

கடைசியாக ஒரு யோசனை. வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் காப்புரிமை இதழ் வெளியாகிறது. ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை சொல்லுங்கள். காலைப் பல்லவனில் ஏறினால் மதியத்துக்குள் தாம்பரம் வந்துவிடலாம், அங்கிருந்து கிண்டி பக்கம்தான். என் மாணவர்கள் மூன்று பேரை அழைத்து வருகிறேன். ஒருவன் எலக்ட்ரானிக்ஸ், ஒருவன் ஃபிட்டர், இன்னொருவன் அந்தத் திருப்பூர் சாயக்காரன். அவரவர் தொழிலில் நீங்கள் விரும்பிய விவரக்குறிப்பு ஒவ்வொன்றை எடுத்துக் கொடுங்கள். ஒரு மேசையும் இரண்டு மணி நேரமும் போதும். எந்த வரியில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுத் தருவார்கள். பென்சில் நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
திருச்சி